குடற்புழு மருந்தும் கூட்டுறவும்

கூட்டுறவு என்றதும் கடன், நூல், உரம், பால் ஆகிய நான்கும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றை ஒருவர் தனியே தேடிக்கொள்வதைக் காட்டிலும் பலர் சேர்ந்து தேடிக்கொள்வதே நலம் என்பதை நம் அங்கத்தினர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பொதுச் சொத்தும் நம் கிராமங்களில் உண்டு. அதற்குக் கணக்கும் இல்லை, காவலும் இல்லை. ஆடு மாடுகளுக்கு நாம் கொடுக்கும் குடற்புழு மருந்து புழுவின்மேல் பலிக்கும் தன்மையே அச்சொத்து. மருந்துப் புட்டி ஒருவருக்குச் சொந்தமாயிருக்கலாம். அம்மருந்து பலிப்பது ஊருக்கெல்லாம் பொது. ஏரித் தண்ணீரைப் போல, ஒருவர் அதனை முறையின்றிச் செலவழித்தால் கடைமடைக்காரர் வரை அனைவரும் இழக்க நேரிடும். ஆகவே குடற்புழு நீக்கம் என்பது சங்கங்கள் கையேற்க வேண்டிய காரியம் என்பது என் துணிபு.

கால்நடை மருத்துவர் எழுதவேண்டியதைக் கூட்டுறவு ஆய்வாளன் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளவு கூறுவதும் மருத்துவரின் பணியே. அதில் நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் கூறியபடி எடை போடுவதும், பதிவேடு எழுதுவதும், ஊரார் அனைவரும் ஓர் ஒழுங்கில் நடப்பதும் நிர்வாகப் பணிகளாகும். அவை இல்லாமையால்தான் நல்ல மருந்துகள் கெடுகின்றன.

புழுவினால் வரும் நஷ்டம்

கடலூர் மாவட்டத்தில் நிலம் இருவகைப்பட்டது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகள் கொள்ளிடத்தாலும் வீராணம் ஏரியாலும் நனையும் நஞ்சைப் பூமி. விருத்தாசலம் பக்கத்தில் புஞ்சை மிகுதி. இரண்டிடத்தும் நிலமில்லாதோருக்கும், சிறு விவசாயிகளுக்கும், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களில் தறியை நம்பி வாழ்வோரில் பலருக்கும், இரண்டு ஆடோ ஒரு மாடோதான் சேமிப்பு. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்றாலும், வீட்டில் நோய் என்றாலும் முதலில் விற்கப்படுவது ஆடுதான். 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டதும் இதனை உணர்ந்தே.

இச்சேமிப்பைச் சிறிது சிறிதாகத் திருடும் கள்வர்களுள் தலையாயது ஹீமாங்கஸ் எனப்படும் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. அது ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்குகிறது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தை ஆட்டிடமிருந்து கவர்கிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆயிரம் புழுக்கள் இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி லிட்டர் ஆகிறது. இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்கு உட்பட்டதுதான். கண்ணிமை வெளுத்து, தாடையின்கீழ் நீர் கோத்து, ஒரு நாள் காலையில் ஆடு எழுந்திராமல் கிடப்பதன் காரணம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

பெண்புழு ஒன்று நாள்தோறும் 5,000-க்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. அவை புழுக்கையோடு வெளியே விழுகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரித்து வளர்ந்து, புல்லின் ஈரத்தைப் பற்றி மேலேறி, அடுத்த ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கின்றன. உள்ளே சென்ற மூன்று வாரங்களில் அவையும் முட்டையிடத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை இதற்கு உகந்த பருவம். தெருவில் பாவு நீட்ட முடியாமலும், குழித்தறியில் ஈரம் ஏறியும் நெசவாளர் கை ஓய்ந்திருக்கும் அதே நாட்களில்தான் கொட்டிலில் புழுவும் பெருகுகிறது என்பதை நெசவாளர் சங்கங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். கையில் கூலி இல்லாத மாதத்தில் ஆடும் போனால் அக்குடும்பம் எதைப் பற்றி நிற்கும்?

மருந்து எவ்வாறு வேலை செய்கிறது

பலர் எண்ணுவதுபோல் இம்மருந்துகள் புழுவுக்கு மட்டும் எட்டும் வெறும் விஷம் அல்ல. ஒவ்வொன்றும் புழுவின் உடலில் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு ஏற்ற சாவி போன்றது. அல்பென்டசோல், பென்பென்டசோல் முதலியவை ஓர் இனம். உயிரணுவுக்குள்ளே டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து நுண்ணிய இழைகளாகின்றன. உணவை உறிஞ்சுவதற்கும், உறிஞ்சியதை இடம் சேர்ப்பதற்கும், உயிரணு பிரிவதற்கும் இவ்விழைகள் தேவை. மருந்து அப்புரதத்தில் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு கோக்கவிடாமல் தடுக்கிறது. நூல் இணையாவிட்டால் பாவு ஏது, பாவு இல்லாவிட்டால் துணி ஏது? அவ்வாறே இழையற்ற புழு சர்க்கரைச் சத்தை ஏற்கவியலாமல் பட்டினியால் மெல்ல மடிகிறது. ஆட்டின் உடலிலும் டியூபுலின் உண்டு. ஆனால் மருந்து புழுவின் புரதத்தையே மிக இறுக்கமாகப் பற்றுவதால் ஆடு பிழைக்கிறது. எனினும் கரு உருவாகும் முதல் மாதத்தில் உயிரணுக்கள் ஓயாது பிரிந்து கொண்டிருப்பதால், சினையின் தொடக்கத்தில் அல்பென்டசோல் கொடுக்கலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

லெவமிசோல் மற்றோர் இனம். இது புழுவின் நரம்புக்கும் தசைக்கும் இடையே நடக்கும் செய்திப் போக்கில் தலையிட்டு, தசைகளை இறுக்கிவிடுகிறது. விறைத்த புழு தன் பிடியை இழந்து வெளித்தள்ளப்படுகிறது. அளவு மிஞ்சினால் ஆட்டுக்கும் தீங்கு செய்வதாகையால் இதனைக் கையாள்வதில் கவனம் தேவை.

மூன்றாவது ஐவர்மெக்டின். ஜப்பான் நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரைச் சதோஷி ஓமுரா என்னும் அறிஞர் பிரித்தெடுத்தார். அது தரும் பொருள் புழுவைக் கொல்வதை அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் குழுவினர் கண்டறிந்தனர். 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2015-இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புழுவின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு அணுக்கள் புகுவதற்குச் சிறு வாயில்கள் உண்டு. அவை வேண்டும்போது திறந்து உடனே மூடவேண்டியவை. ஐவர்மெக்டின் அவற்றைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. மூடாத மதகின் வழியே நீர் புகுந்து வயல் மூழ்குவதுபோல், குளோரைடு புகுந்து நரம்பின் செயல் அடங்கிவிடுகிறது; புழு துவண்டு, உணவுண்ணவும் வலிமையற்றுப் போகிறது. அத்தகைய வாயில் ஆடு மாடுகளுக்குக் கிடையாது. அதையொத்த வேறு வாயில்கள் அவற்றின் மூளையில் இருப்பினும், மூளைக்குள் மருந்து புகாதபடி இயற்கை ஒரு தடுப்பை அமைத்திருக்கிறது.

பூட்டுக்கேற்ற சாவி என்றதன் பொருளை இப்போது காணலாம். ஐவர்மெக்டின் உருண்டைப்புழுவையும் உண்ணி, பேன், சொறிப்பூச்சி ஆகியவற்றையும் தாக்கும். தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது. சிதம்பரம் பகுதியின் வாய்க்கால்களிலும் நெல்வயல்களிலும் உள்ள நத்தைகளின் வழியாக மாடுகளுக்குப் பரவுவதோ கல்லீரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் ஆகும். தட்டைப்புழுவால் மெலிந்த மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி போடுவது பணத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பானது. அல்பென்டசோலும் முதிர்ந்த கல்லீரல் புழுவையே கொல்லும். இளம் புழுவை விட்டுவிடும். அங்கு ஆக்சிகுளோசனைடு, டிரைகிளாபென்டசோல் முதலிய வேறு மருந்துகளே வேண்டியிருக்கும். எந்தப் புழு என்பதைச் சாணத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலன்றிச் சொல்லவியலாது. கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் மருந்து, குருடன் எறிந்த கல்லே.

வல்லமை குறைவது எங்ஙனம்

ஆயிரக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டின் டியூபுலின் புரதம் பிறவியிலேயே சற்று மாறியிருக்கும். அப்புரதத்தின் இருநூறாம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று அமைந்தாலே போதும், அல்பென்டசோல் அங்கே ஒட்டாது. மருந்து கொடுத்ததும் மற்றவை மடிய இவை மட்டும் எஞ்சுகின்றன. அடுத்த தலைமுறை முழுவதும் இவற்றின் சந்ததியாகிறது. மருந்து புழுவை மாற்றுவதில்லை. மாறிய புழுவைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறது.

தையாபென்டசோல் என்னும் மருந்து 1961-இல் வந்தது. 1964-இலேயே அமெரிக்காவில் அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் காணப்பட்டது. நம் நாட்டுச் செம்மறியாடுகளில் இத்தகைய எதிர்ப்பு 1976-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் அல்பென்டசோல் இனத்துக்கு எதிர்ப்புத் தோன்றியதைக் கால்நடை அறிவியலார் கண்டறிந்து எழுதியுள்ளனர். ஐவர்மெக்டினும் பத்தாண்டு நிறையுமுன்பே தென்னாப்பிரிக்காவில் தோல்வி கண்டது. நியூசிலாந்தில் 2009-இல் மோனெபான்டெல் என்னும் முற்றிலும் புதிய மருந்து வந்தது; 2013-இல் அங்கேயே அது பலிக்காத பண்ணையைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. புது மருந்து வந்து காக்கும் என்று காத்திருப்பவர்க்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இவ்வெதிர்ப்பை நாமே வளர்க்கும் வழிகள் மூன்று.

முதலாவது, குறைந்த அளவு. சங்க ஆய்வுக்காகச் செல்லும் ஊர்களில் நான் காண்பது, குட்டிக்கு அரை மூடி, பெரியதற்கு ஒரு மூடி என்று கண்மதிப்பில் மருந்து புகட்டுவதே. ஒரு கணக்கைப் பாருங்கள். 2.5 சத அல்பென்டசோல் திரவத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 25 மில்லிகிராம் மருந்து உண்டு. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 30 கிலோ செம்மறியாட்டுக்கு 150 மில்லிகிராம், அதாவது 6 மில்லி லிட்டர் வேண்டும். அவ்வாட்டை 20 கிலோ என்று மதித்தால் 4 மில்லி லிட்டர்தான் போகும். சற்றே வலிய புழுக்கள் பிழைத்துக்கொள்ள இது போதும். மேலும், வெள்ளாட்டின் உடல் இம்மருந்தைச் செம்மறியாட்டைவிட விரைவாகக் கழித்துவிடுகிறது. ஆதலால் வெள்ளாட்டுக்குப் பொதுவாக இருமடங்கு தேவை என்பது அறிஞர் கருத்து. செம்மறிக்குரிய அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றினால் பாதி மருந்தே கொடுத்ததாகும். இரு வகை ஆடுகளையும் ஒரே புழுதான் பீடிக்கிறது. எனவே வெள்ளாட்டில் தேறிய புழு செம்மறிக்கும் செல்லும்.

இரண்டாவது, பெயரில் மயங்குதல். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. சென்ற முறை ஒரு பெயர், இம்முறை வேறு பெயர் என்று வாங்கி, மருந்தை மாற்றிவிட்டதாக நிம்மதி அடைவோர் பலர். புட்டியின் மேல் சிறு எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்தால் இரண்டும் அல்பென்டசோலாகவே இருக்கும். இனம் மாறாத மாற்றம் மாற்றமன்று.

மூன்றாவது, வியப்பைத் தரக்கூடியது: எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில், புழு குறைந்த கடுங்கோடையில், மருந்து கொடுத்தல். அப்போது மேய்ச்சல் நிலத்தில் புழுக்குஞ்சு ஏறக்குறைய இல்லை. மருந்துக்குத் தப்பிய சில புழுக்களே அடுத்த மழைக்கு விதையாகின்றன. நிலத்திலும், மருந்து பெறாத சில ஆடுகளிலும் மருந்துக்கு அடங்கும் சாதாரணப் புழுக்கள் இருந்தால், அவை தப்பியவற்றோடு கலந்து அவற்றின் வீரியத்தைக் கரைத்துவிடும். சிறிது புழுவை விட்டுவைப்பதே மருந்தைக் காக்கும் வழி என்று இன்றைய அறிவியல் கூறுகிறது.

ஒரு மறுப்பு

“என் ஆட்டை மருந்தின்றி விடவா? அது செத்தால் சங்கம் கொடுக்குமா?” என்று அங்கத்தினர் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் மருந்தின்றி விடுவது நோயுற்ற ஆட்டை அல்ல. ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிலேயே குவிந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் ஓர் எளிய முறையை வகுத்துள்ளனர். ஆட்டின் கீழிமையைத் தாழ்த்தி உட்புறத்து நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட ஓர் அட்டையோடு ஒப்பிடுவதே அது. சிவந்த இமை நலத்தைக் காட்டும். வெளுத்த இமைக்கு மருந்து உடனே வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். குட்டிகளையும், ஈனப்போகும் ஆடுகளையும் சந்தேகத்தின் பலனை அளித்து மருந்தின் பக்கமே சேர்த்துக்கொள்ளலாம். இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கே இச்சோதனை பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது.

மருந்துச் செலவு குறைவது இம்முறையில் உடனே தெரியும் இலாபம். மருந்து பல்லாண்டு பலிப்பது தெரியாமல் வரும் இலாபம்.

பாலும் எருவும்

பால் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைவது. பாலில் நெடுநாள் கலந்து வருவது. ஆகையால் மனிதர் அருந்தும் பால் தரும் மாட்டுக்கு அது ஏற்றதன்று என்பது பொது விதி. வேறு மருந்துகளுக்கும் கொடுத்தபின் இத்தனை நாள் பால் ஊற்றலாகாது என்ற கெடு உண்டு. ஓர் அங்கத்தினர் கெடுவை மறைத்து ஊற்றும் இரண்டு லிட்டர், சங்கத்தின் கேன் முழுவதையும் கறைப்படுத்தும். கூட்டுறவில் நன்மை பொதுவாவது போலவே தீமையும் பொதுவாகிறது.

இம்மருந்து பெரும்பாலும் சாணத்தோடு வெளியேறுகிறது. அங்கே சாணவண்டின் குஞ்சுகளுக்குக் கேடு செய்கிறது. சாணத்தை மண்ணில் புதைத்து எருவாக்கும் அவ்வண்டுகள் விவசாயிக்குக் கூலி கேளாத ஆட்கள். தேவையற்ற ஊசி ஒவ்வொன்றும் அவர்களை வேலையிலிருந்து நீக்குகிறது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஒரு தொங்கு தராசு வாங்கவேண்டும். மாடுகளுக்கு மார்புச் சுற்றளவைக் கொண்டு எடை காணும் நாடா போதும். எடைக்கேற்ற மருந்து என்பது இதனால் நிறைவேறும். அதே தராசு வேறொரு வகையிலும் கைகொடுக்கும். ஆட்டை வியாபாரி கண்மதிப்பில் விலை பேசும்போது, எடை தெரிந்த அங்கத்தினர் ஏமாற வேண்டியதில்லை. தராசின் விலையை இந்த ஒன்றே ஈடுசெய்யும்.

இரண்டாவதாக, மருந்துப் பதிவேடு ஒன்று வைக்கவேண்டும். நாள், ஆட்டின் அடையாளம், எடை, மருந்தின் வணிகப் பெயரன்றி உண்மைப் பெயர், அளவு, பால் ஊற்றக்கூடாத கடைசி நாள் ஆகிய ஆறு பத்திகள் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எழுதக்கூடியது. பணக் கணக்கைப் போல இதனையும் மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கவேண்டும்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருந்து பலிக்கிறதா என்று சோதிக்கவேண்டும். மருந்து கொடுக்கும் நாளன்று பத்து ஆடுகளின் புழுக்கையையும், பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையையும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து முட்டைகளை எண்ணச் செய்யலாம். முட்டைகள் 95 சதத்துக்கும் குறைவாகவே ஒழிந்திருந்தால், அம்மருந்து நம் ஊரில் தளர்கிறது என்று அறிந்து, மருத்துவர் ஆலோசனைப்படி வேறு இனத்துக்கு மாறவேண்டும்.

நான்காவதாக, சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் விடலாகாது. அது பிற ஊரின் எதிர்ப்புப் புழுவைச் சுமந்து வரக்கூடும். பத்துப் பதினைந்து நாள் தனிக்கொட்டிலில் வைத்து, மருந்து கொடுத்து, சோதித்தபின் சேர்க்கவேண்டும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வெளியூர் மந்தைகளை அழைக்கும் விவசாயிகள், அக்கிடை கிடந்த வயலில் தம் ஆட்டை உடனே மேய விடாதிருத்தல் நன்று.

ஐந்தாவதாக, மருந்தைச் சங்கமே மருத்துவரின் சீட்டின்பேரில் மொத்தமாக வாங்கலாம். விலையும் குறையும், காலாவதியான சரக்கும் வாராது. ஆனால் எடையும் சோதனையும் இன்றி மருந்தை மட்டும் விற்கும் சங்கம், கடைக்காரர் செய்த பிழையையே மலிவு விலையில் செய்வதாகும். இத்தனை ஆடுகளுக்கு மருந்து புகட்டினோம் என்ற எண்ணிக்கை பெருமைக்குரியதன்று. இத்தனை ஆடுகள் சாகாமல் காத்தோம், இத்தனை ஆண்டு மருந்து கெடாமல் வைத்தோம் என்பதே பெருமை.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. பொதுநல நிதியில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டால் எந்த அங்கத்தினரும் ஆட்சேபிக்கமாட்டார். நெசவாளர் சங்கமும் பால் சங்கமும் ஒரே ஊரில் இருந்தால் ஒரு தராசும் ஒரு பதிவேடும் இரண்டுக்கும் பொதுவாகலாம். தறிக்காரர் ஆடும் உழவர் ஆடும் மேய்வது ஒரே புறம்போக்கில்தானே!

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கூடும் பொதுப்பேரவையில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு கடலூர், சிதம்பரம் வட்டங்களின் சங்கத் தலைவர்களையும் அங்கத்தினர்களையும் வேண்டிக்கொள்கிறேன். தண்ணீருக்கு முறை வைத்து வாழக் கற்றவர்கள் நாம். மருந்துக்கும் முறை வைக்க நம்மால் இயலும்.